சம்பளம்னு வந்தா எல்லாருக்கும் ஒரு துரை குணம் வந்துருது

ஹட்டன்ல உக்காந்துகிட்டு அமெரிக்காக்காரன் விளையாட்டுல எவனுக்கு எத்தனை மில்லியன் குடுத்தா உனக்கென்னடானு கேக்கலாம். கேட்டும் இருக்காங்க, முதல்ல கேட்டது என் வீட்டுக்காரிதான். ஆனா எங்க குடும்ப வாட்சப் குரூப்ல நவம்பர்ல இருந்து நடக்கிற சண்டைய பார்த்தா நீங்களும் இப்பிடி ஒரு பதிவு எழுதத்தான் செய்வீங்க. குட் மோர்னிங் பூவும் கோயில் திருவிழா போட்டோவும் போக மிச்சம் எல்லாம் அங்க பேஸ்போல் கொன்ட்ராக்ட்தான்.

ஆளுகள சொல்லிர்றேன். முதல் ஆள் என் மச்சான், மாமா மகன், ஸ்கார்பரோல இருக்கான், டொரன்டோ புளூ ஜேஸ்ங்கிற பேஸ்போல் அணினா உசுர குடுப்பான். அங்க குடிபோன நாள்லருந்து தொப்பி ஜேர்சி எல்லாம் அதுதான், இங்க இருந்தப்ப கிரிக்கெட் தவிர ஒண்ணும் தெரியாது அவனுக்கு. ரெண்டாவது எங்க சித்தப்பா, தோட்டத்துல கணக்கப்பிள்ளையா இருந்து ரிட்டயர் ஆனவரு, பேஸ்போல்னா எல்லே மாதிரி ஒண்ணுனு மட்டும் தெரியும், ஆனா சம்பளம்ங்கிற வார்த்த எங்க கேட்டாலும் வந்துருவாரு. மூணாவது நான். லீசிங் கம்பனில வேலை, வட்டியும் தவணையும்தான் பொழப்பு. எங்கம்மா கொழுந்து எடுத்து வளர்த்த பிள்ளை. இத ஏன் சொல்றேன்னா, இந்த விஷயத்துல நான் எந்தப் பக்கம்ங்கிறது அங்கருந்துதான் வருது.

பேஸ்போல் சீசன் மார்ச் கடைசியில தொடங்கி நவம்பர் ஆரம்பத்துல முடிஞ்சிரும். நடுவுல ஏறக்குறைய அஞ்சு மாசம் ஒரு பந்தும் விழாது, ஆனா ரசிகர்கள் அடிச்சிக்கிறது அந்த அஞ்சு மாசத்துலதான். யாரு எந்த அணிக்கு போறான், எத்தனை வருஷம், எத்தனை மில்லியன், அவன் அதுக்கு பெறுமதியானவனா, இதே பேச்சு.

போன வருஷம் இந்த பேச்சு எங்க வீட்டுக்குள்ளயே வந்ததுக்கு காரணம் வேர்ல்ட் சீரிஸ், பேஸ்போலோட இறுதிச் சுத்து. டொரன்டோவும் லொஸ் ஏஞ்சலிஸ் டொட்ஜர்ஸும் ஏழாவது மேட்ச் வரைக்கும் இழுத்துட்டாங்க. அங்க சனிக்கிழமை ராத்திரி எட்டு மணி, நமக்கு ஞாயித்துக்கிழமை காலையில அஞ்சரை. நான் சீனி டின்னுல போன சாச்சி வச்சிட்டு ரொட்டியும் கட்டச்சம்பலும் தின்னுகிட்டு பாத்தேன், மச்சான் வீடியோ கோல்ல அவன் டிவிய காட்டிகிட்டு இருந்தான். ஒன்பதாவது இன்னிங்ஸ்ல இன்னும் ரெண்டு பேர அவுட்டாக்குனா கப்பு டொரன்டோவுக்கு, 1993க்கு பொறகு முதல் கப்பு. அந்த நேரத்துல மிகேல் ரோஹாஸ்னு ஒரு மனுசன், அணியில பெரிய நட்சத்திரம் ஒண்ணும் இல்ல, ஹோம் ரன், நம்ம சிக்ஸர் மாதிரி, அடிச்சி சமன் பண்ணிட்டான். பதினோராவது இன்னிங்ஸ்ல வில் ஸ்மித் இன்னொண்ணு அடிச்சான், 5க்கு 4, முடிஞ்சது. முந்தின நாள் ராத்திரி ஆறு இன்னிங்ஸ் பந்து வீசுன யமமோட்டோ மறுநாளும் வந்து வீசி முடிச்சி வச்சான். போன்ல மச்சான் மூஞ்சி தெரியல, சீலிங்தான் தெரிஞ்சிது.

அங்க தொடங்குனது. "காசு குடுத்து வாங்குன கப்புடா அது" அப்பிடிங்கிறான்.

அவன் சொல்றதுல பொய் இல்ல. டொட்ஜர்ஸ்ல ஓதானிக்கு 10 வருஷத்துக்கு 700 மில்லியன் டொலர், யமமோட்டோவுக்கு 12 வருஷத்துக்கு 325 மில்லியன். 2020, 2024, 2025னு கப்பு வாங்கிட்டாங்க. 2025ல ஒரு அளவுக்கு மேல சம்பளம் குடுத்ததுக்கு லீக்குக்கு கட்டவேண்டிய வரியே 160 மில்லியனுக்கு மேல போச்சி, சில அணிகளோட மொத்த சம்பளமே அவ்வளவு வராது. அந்த அளவு 2025ல 241 மில்லியன், அதுக்கு மேல போனா வரி, திரும்பத் திரும்ப போனா வீதம் கூடிகிட்டே போகும், உச்சியில ஒரு டொலர் சம்பளம் குடுத்தா ஒரு டொலர் பத்து சதம் வரி. அதையும் கட்டிட்டு சிரிச்சிகிட்டு போறாங்க.

நவம்பர் கடைசியில டிட்வா புயல் வந்து நம்ம பக்கம் ரோட்டெல்லாம் மண் சரிஞ்சி கிடந்துச்சி, கரண்ட் இல்ல, சிக்னல் இல்ல. ஒருவழியா டவர் வேலை செஞ்சப்ப போன் நடுங்குன நடுக்கம் கொஞ்சமில்ல, எல்லாம் எப்பிடி இருக்கீங்க பத்திரமா இருக்கீங்களானு சொந்தக்காரங்க மெசேஜ், அதுக்கு நடுவுல டொரன்டோ புதுசா எடுத்த பந்து வீச்சாளர பத்தி மச்சான் ஒண்ணு போட்டிருந்தான், "டிலன் சீஸ் வாறான், ஏழு வருஷம், 210 மில்லியன்". அதுக்கு கீழயே "அங்க எப்பிடிடா, வீடு ஓகேயா". வரிசைய பாத்து எனக்கு சிரிப்புதான் வந்துச்சி.

ஆனா ஜனவரியில அவன் தலையில மண்ண போட்டுட்டாங்க. ஏழாவது மேட்ச்ல ஓதானி பந்துலயே மூணு ரன் ஹோம் ரன் அடிச்ச போ பிஷெட், டொரன்டோவுல வளர்ந்து வந்தவன், மூணு வருஷத்துக்கு 126 மில்லியன்னு நியூயோர்க் மெட்ஸுக்கு போயிட்டான். டொரன்டோ கண் வச்சிருந்த கைல் டக்கர், நாலு வருஷம் 240 மில்லியன், எங்கனு கேக்காதீங்க, டொட்ஜர்ஸ்தான். அன்னைக்கு மச்சான் பிஷெட்ட பத்தி போட்ட வொய்ஸ் நோட்ட நான் ஸ்பீக்கர்ல போட்டுட்டேன், பிள்ளைக இருக்காங்கனு வீட்டுக்காரி ஓடியாந்து போன புடுங்குனா. சாரம் என்னன்னா நன்றி கெட்டவன், வளத்து விட்ட அணிய காசுக்காக விட்டுட்டு போயிட்டான்.

உடனே சித்தப்பா வந்துட்டாரு. "ஒரு மனுசனுக்கு எதுக்குப்பா இவ்வளவு சம்பளம்? நிர்வாகம் தாங்குமா?"

நிர்வாகம் தாங்குமா. இந்த வசனத்த நாங்க பொறந்ததுலருந்து கேக்குறோம் சித்தப்பா. நாட்சம்பளம் ஆயிரம் ரூபா கேட்டு எத்தனை வருஷம் ரோட்டுல நின்னோம், 2021லதான் வந்துச்சி, ஒவ்வொரு தடவையும் நிர்வாகம் தாங்காது, தேயிலை விலை இல்ல, தோட்டத்த மூடிருவோம்னுதான் கதை. 2024ல 1350 ஆச்சி, போன பட்ஜெட்ல 1750னு அறிவிச்சாங்க, அதுலயும் 200 ரூபா வேலைக்கு வந்தாதான் கிடைக்கிற அரசாங்க காசு. தோட்டம் ஒண்ணும் சந்திரனுக்கு போயிரல, அங்கதான் இருக்கு.

ஓதானியும் எங்கம்மாவும் ஒண்ணுனு சொல்ல வரல. ஹுவான் சோட்டோ மெட்ஸோட போட்ட 15 வருஷம் 765 மில்லியன் கொன்ட்ராக்ட்ட ஒரு டொலர் 300 ரூபானு வச்சி பார்த்தா 22,950 கோடி ரூபா. 1750 வீதம் வகுத்தா 13 கோடி நாளைக்கு மேல வேலைக்கு போய் பேர் போடணும். அந்த கணக்கு போட்டா தலை சுத்தும், அதனால அந்த கணக்க விட்டுட்டு வேற கேள்வி ஒண்ணு கேக்கணும், அந்த காசு சோட்டோ கைக்கு போகலன்னா எங்க போகும்? டிக்கட் வாங்குன மச்சான் கைக்கு திரும்பி வருமா? வராது. முதலாளி பைக்குள்ள இருக்கும். டிக்கட் விலைய ஏத்துறது ஆட்டக்காரன் சம்பளம் இல்ல, ஜனம் எவ்வளவு குடுக்க தயாரா இருக்குங்கிறதுதான். கூட்டம் வந்தா விலை ஏறும், வரலன்னா இறங்கும், சம்பளம் கூடுனாலும் குறைஞ்சாலும் அதுதான். இது விளங்காமத்தான் ரசிகன் முதலாளிக்காக வக்காலத்து வாங்குறான், அதுவும் சம்பளம் இல்லாம.

ரெண்டு பேருக்கும் நான் ஒரு பழைய கதை சொன்னேன், பாதி கதை சித்தப்பா எனக்கு சொன்னதுதான். அந்தக் காலத்துல நம்ம ஆளுக தோட்டம் மாறணும்னா துண்டு வேணும். கங்காணிகிட்ட இந்த கூட்டத்துக்கு இவ்வளவு கடன் இருக்கு, அத கட்டுனா விட்டுர்றேன்னு துரை எழுதிக் குடுக்கிற சீட்டு. புது தோட்டத்து துரை அந்த கடன கட்டிட்டு ஆளுகள எடுத்துக்குவாரு, போற ஆளுக்கு கூலி கூடுனிச்சோ இல்லையோ அவன் தலைமேல கடன் கூடியிருக்கும். 1921ல சட்டம் போட்டு அத ஒழிச்சாங்க.

பேஸ்போல்ல அது 1975 வரைக்கும் இருந்துச்சிங்க. கொன்ட்ராக்ட்ல ஒரு வரி, ஆட்டக்காரன் கையெழுத்து போடலன்னாலும் அணி இன்னொரு வருஷத்துக்கு அவன வச்சிக்கலாம்னு, அத ஒவ்வொரு வருஷமும் நீட்டி நீட்டி சாகுற வரைக்கும் நீ எங்க ஆளுனு ஆக்கி வச்சிருந்தாங்க. வேணும்னா வேற அணிக்கு வித்துருவாங்க, அவன்கிட்ட ஒரு வார்த்த கேக்க மாட்டாங்க. 1969ல செயின்ட் லூயிஸ் அணியில இருந்த கர்ட் ஃபிளட்ங்கிற கறுப்பின ஆட்டக்காரன பிலடெல்பியாவுக்கு மாத்துனாங்க, போகமாட்டேன்னுட்டான். என்னோட விருப்பத்த கேக்காம வாங்கி விக்கிறதுக்கு நான் ஒண்ணும் சொத்து இல்லனு லீக் தலைவருக்கு கடிதம் எழுதுனான். அப்பவே வருஷத்துக்கு 90 ஆயிரம் டொலர் சம்பளம் அவனுக்கு, அந்தக் காலத்துக்கு பெரிய காசு, அத விட்டுட்டு கோர்ட்டுக்கு போனான். 1972ல சுப்ரீம் கோர்ட்ல 5க்கு 3னு தோத்தான், அவனோட ஆட்ட வாழ்க்கை அதோட போச்சி.

அவனுக்கு பின்னால நின்னது ஆட்டக்காரங்க சங்கம். அத நடத்துனவரு மார்வின் மில்லர், இரும்பு ஆலை தொழிலாளர் சங்கத்துல இருந்து வந்தவரு. அவரு 1966ல வந்தப்ப ஆகக் குறைஞ்ச சம்பளம் வருஷத்துக்கு 6000 டொலர், ரெண்டு வருஷத்துல முதல் கூட்டு ஒப்பந்தம் போட்டு 10,000 ஆக்குனாரு. கூட்டு ஒப்பந்தம்னதும் எங்க சித்தப்பா நிமிந்து உக்காந்துட்டாரு, வீடியோ கோல்ல தெரிஞ்சிது.

1975ல மெஸ்ஸர்ஸ்மித், மெக்நலினு ரெண்டு பிட்சர், பந்து வீசுறவங்க, கையெழுத்து போடாமலேயே அந்த சீசன்ல ஆடுனாங்க, ஒரு வருஷம்தான நீட்டலாம், நீட்டியாச்சி, இப்ப நாங்க சுதந்திரம்னாங்க. ரெண்டு பக்கத்துக்கும் பொதுவா பிணக்க தீர்க்கிற நடுவர் பீட்டர் சைட்ஸ் அவங்க சொல்றது சரின்னு தீர்ப்பு குடுத்தாரு, குடுத்த உடனே முதலாளிமாரு அவர வேலையில இருந்து தூக்கிட்டாங்க. இப்பிடி ஒரு நடுவர நம்ம ஊர்லயும் தேடுனா கிடைப்பாரு, தூக்குறவங்களும் கிடைப்பாங்க.

இதுல எனக்கு ரொம்ப பிடிச்ச இடம் ஒண்ணு இருக்கு. தீர்ப்பு வந்த பொறகு ஓக்லாந்து முதலாளி சார்லி ஃபின்லி, எல்லாரையும் ஒரேயடியா ஒவ்வொரு வருஷமும் விட்டுருங்கப்பானு சொன்னாராம். மத்த முதலாளிமாரு கேக்கல. மில்லருக்கு உள்ளுக்குள்ள அதுதான் பயம், ஏன்னா எல்லா ஆட்டக்காரனும் ஒரே நேரம் சந்தைக்கு வந்தா விலை விழுந்துரும். முதலாளிமாரு பயந்துகிட்டு ஆறு வருஷம் வேலை செஞ்சாதான் சுதந்திரம்னு கேட்டாங்க, மில்லரும் சரின்னுட்டாரு. அதனால வருஷத்துக்கு கொஞ்சப் பேர்தான் சந்தைக்கு வருவாங்க, விலை தன்னால ஏறும். சோட்டோவோட 765 மில்லியனுக்கு அத்திவாரம் போட்டது முதலாளிமாருதான்னு நான் சொன்னா மச்சானுக்கு கோவம் வருது.

ஜப்பான்ல இருந்து வாற ஆளுகளுக்கு இன்னைக்கும் துண்டு உண்டு. யமமோட்டோவ எடுக்கிறதுக்கு அவனோட பழைய அணி ஒரிக்ஸுக்கு டொட்ஜர்ஸ் கட்டுனது 50 மில்லியன் டொலர், அவன் சம்பளத்துக்கு வெளிய. சித்தப்பா இத கேட்டுட்டு "அப்ப கங்காணிக்கு நல்ல வரும்படிதான்" அப்பிடின்னாரு.

இப்ப அந்த ஆறு வருஷத்துக்கு வருவோம், மச்சான் பேசாத இடம் அதுதான். முதல் மூணு வருஷம் அணி குடுக்கிறதுதான் சம்பளம், 2026ல ஆகக் குறைஞ்சது 780,000 டொலர். அதுக்கு பொறகு மூணு வருஷம் நடுவர்கிட்ட போய் வாதாடலாம். ஆறு முடிஞ்சாதான் எங்க வேணும்னாலும் போகலாம். பிட்ஸ்பர்க்ல போல் ஸ்கீன்ஸ்னு ஒரு பையன், 2025ல தேசிய லீக்கோட ஆகச் சிறந்த பிட்சர்னு ஒருமனதா விருது வாங்குனான், அந்த வருஷம் அவன் சம்பளம் 875,000 டொலர். சந்தையில விட்டா வருஷத்துக்கு 30, 40 மில்லியன் அள்ளிக் குடுப்பாங்க. மிச்ச காசு எங்க போச்சினு ரசிகன் ஒருத்தனும் வொய்ஸ் நோட் போட மாட்டான். ஆறு வருஷம் இப்பிடி உழைச்சி குடுத்துட்டு ஏழாவது வருஷம் ஒருத்தன் நல்ல விலைக்கு போனா அவன் நன்றி கெட்டவன்!

அந்த ஆறு வருஷத்தயும் ஏழாக்குற வித்தை ஒண்ணு இருக்கு. ஒரு வருஷம்னு கணக்குல சேரணும்னா ஆட்டக்காரன் மேல்மட்ட அணியில 172 நாள் இருக்கணும், சீசன் அத விட ரெண்டு கிழமை கூடுதலா ஓடும். 2015ல சிகாகோ கப்ஸ்ல கிறிஸ் பிரையண்ட், பயிற்சி ஆட்டத்துல எல்லாரையும் விட நல்லா அடிச்சிகிட்டு இருந்த பையன், இன்னும் பழகணும்னு சொல்லி கீழ்மட்டத்துக்கு அனுப்பி கொஞ்ச நாள் கழிச்சி கூப்புட்டாங்க. வருஷக் கடைசியில எண்ணிப் பார்த்தா 171 நாள். ஒரே ஒரு நாள் குறையுது. அவனுக்கு அந்த வருஷம் சிறந்த புதுமுகம் விருதும் கிடைச்சிது, ஆனா ஒரு வருஷ சேவை கிடைக்கல. வழக்கு போட்டான், 2020ல தோத்தான்.

இத படிச்சப்ப எனக்கு கொழுந்து நிறுக்கிற இடம்தான் கண்ணு முன்னால வந்துச்சி. நோம்ஸ், ஒரு நாளைக்கு எடுக்க வேண்டிய கொழுந்து அளவு, 18 கிலோனு வைங்க, எங்கம்மா சாக்க தராசுல மாட்டுவாங்க, முள்ளு 20க்கு கிட்ட நிக்கும், ஈரக் கொழுந்துனு ஒண்ணு, சாக்குக்கு ஒண்ணுனு கழிப்பாங்க, முத்துன இலை கிடக்குனு கைய விட்டு கிளறி இன்னும் அரைக் கிலோ. பதினேழரை. அரைப்பேர். நாள் முழுக்க மலையில நின்னதுக்கு பாதிச் சம்பளம். அப்ப எல்லாம் அம்மா ஒண்ணும் பேசமாட்டாங்க, சாக்க உதறி மடிச்சி இடுப்புல சொருகிகிட்டு நடந்துருவாங்க, நடக்கிற வேகத்துலதான் தெரியும். சித்தப்பாகிட்ட 171 நாள் கதைய சொன்னேன், தராசு கதைய சொல்லல. அவரு கொஞ்ச நேரம் கழிச்சி "மேல இருந்து சொல்லுவாங்கப்பா, நாங்க என்ன செய்ய" அப்பிடின்னாரு. நான் கேக்கவே இல்லயே!

கீழ்மட்ட லீக் கதை இன்னும் மோசம். ஆகக் கீழ இருக்கிற பையன்களுக்கு 2022 வரைக்கும் வருஷத்துக்கு 4800 டொலர்தான், அமெரிக்காவுல அது வாடகைக்கே காணாது. 2022ல அவங்க சங்கத்துல சேந்தாங்க, அடுத்த வருஷமே 19,800 ஆச்சி. தாங்காது தாங்காதுனு சொன்ன நிர்வாகம் தாங்கிருச்சி.

சரி, என் தொழில் விஷயத்துக்கு வாறேன். ஓதானிக்கு 700 மில்லியன்னு எல்லாரும் வாய பொளக்குறாங்க. அதுல ஆடுற பத்து வருஷத்துக்கு வருஷம் 2 மில்லியன்தான், மிச்சம் 680 மில்லியன் 2034லருந்து 2043 வரைக்கும் வருஷத்துக்கு 68 மில்லியனா வரும், வட்டி கிடையாது. லீசிங்ல ஒரு நாள் வேலை செஞ்சவனுக்கும் தெரியும், பத்து வருஷம் கழிச்சி வாற காசும் இன்னைக்கு கையில இருக்கிற காசும் ஒண்ணு இல்ல. லீக்கே வரிக்காக அத வருஷத்துக்கு 46 மில்லியன்னுதான் கணக்கு பாக்குது, அப்ப மொத்தம் 460 மில்லியன் மாதிரி. இன்னும் பெரிய காசுதான், ஆனா 700 இல்ல. சோட்டோவோட 765ல பின்தள்ளுன காசு ஒரு சதம் இல்ல, அதனால அதுதான் நெசமான பெரிய கொன்ட்ராக்ட். இத சொன்னா மச்சான் "உன் லீசிங் கணக்க உன்னோட வச்சிக்கோ" அப்பிடிங்கிறான்.

பொபி பொனிலா கதை கேள்விப்பட்டிருக்கீங்களா? 2000ல மெட்ஸ் அவருக்கு 5.9 மில்லியன் குடுத்து அனுப்பணும். இப்ப வேணாம், 8 வீத வட்டியோட பொறகு தாறோம்னு பேசிகிட்டாங்க. 2011லருந்து 2035 வரைக்கும் ஒவ்வொரு ஜூலை முதலாந் திகதியும் 1,193,248 டொலர் அவர் எக்கவுண்டுக்கு போகும். ஆளுக்கு அறுபது வயசு தாண்டிருச்சி, இன்னும் வருது. ரசிகர்கள் அன்னைக்கு கேக் வெட்டாத குறையா கிண்டல் பண்ணுவாங்க. முதலாளி ஏன் ஒத்துகிட்டாருன்னா அவரு காச பேர்னி மேடோஃப்கிட்ட போட்டு வச்சிருந்தாரு, அங்க 8 வீதத்த விட கூட வருதுனு நெனப்பு. மேடோஃப் 2008ல மாட்டுனப்ப தெரிஞ்சிது அது முழுக்க மோசடினு. கூட வட்டி தாறேன்னு எவனாவது வந்தா இந்த கதைய நான் கஸ்டமருக்கே சொல்றது உண்டு.

கொன்ட்ராக்ட் எல்லாம் தங்கம்னு நான் சொல்லல. ஸ்டீவன் ஸ்ட்ராஸ்பர்க், 2019ல வொஷிங்டனுக்கு கப்பு வாங்கிக் குடுத்த பிட்சர், உடனே 7 வருஷம் 245 மில்லியன், அதுக்கு பொறகு மொத்தமே எட்டு மேட்ச்தான் வீசுனான், உடம்பு விட்டுருச்சி. அதே வருஷம் அதே ஏழு வருஷத்துக்கு அதே 245 மில்லியன் அந்தனி ரெண்டோனுக்கு ஏஞ்சல்ஸ் குடுத்தாங்க, அவரும் பாதி நாள் காயத்துலதான். சித்தப்பாவுக்கு இது ரொம்ப இனிச்சிது. ஆனா ஸ்ட்ராஸ்பர்க் அந்த கைய ஒடச்சிகிட்டது எப்ப? அதுக்கு முன்னால அந்த அணிக்காக வீசுன வருஷங்கள்ல இருந்துதான. முதலாளி கணக்கு போட்டுத்தான் கையெழுத்து வைக்கிறான், லாபம் வந்தா அவன் கெட்டித்தனம், நட்டம் வந்தா ஆட்டக்காரன் திருடனா?

காசு மட்டும் ஜெயிக்கும்னும் சொல்ல முடியாது. 765 மில்லியன் சோட்டோ 2025ல 43 ஹோம் ரன் அடிச்சான், மெட்ஸ் கடைசி நாள்ல தோத்து அடுத்த சுத்துக்கே போகல.

நடுவுல நம்ம சலூன் பெடியன்கள் வேற. முடி வெட்டப் போன இடத்துல இந்த கதைய தெரியாத்தனமா எடுத்துட்டேன், ஐபிஎல் ஏலம்தான் அண்ணே பெஸ்ட், எல்லா அணிக்கும் ஒரே பை, கைய தூக்குனா முடிஞ்சது, நம்ம கண்டி பத்திரணவ 18 கோடி இந்திய ரூபாக்கு கொல்கத்தா எடுத்துச்சினு ஒரே சத்தம். எடுத்துச்சி, சந்தோசம்தான். ஆனா எந்த ஊருக்கு போறோம்னு பத்திரணகிட்ட ஒருத்தரும் கேக்கல தம்பி, பிஷெட்கிட்ட கேட்டாங்க, அவ்வளவுதான் வித்தியாசம். பையன் கத்திரிய காதுகிட்ட நிப்பாட்டிட்டு யோசிச்சான், நான் பயந்துட்டேன்.

மச்சான் பக்கம் ஒரு ஞாயம் இருக்கு, அத மறைக்க மாட்டேன். பிட்ஸ்பர்க்ல பொறந்த ஒரு பிள்ளை சாகுற வரைக்கும் தன் அணி கப்பு வாங்குறத பாக்காம போகலாம், டொட்ஜர்ஸ் மாதிரி நாலு அணிதான் பெரிய மீன பிடிக்கும்னா மத்தவங்க எதுக்கு டிக்கட் வாங்கணும்? ஆனா அந்த வித்தியாசம் வாறது சம்பளத்துல இருந்து இல்ல, டிவி காசுல இருந்து. அமெரிக்கன் ஃபுட்போல்ல டிவி காச எல்லா அணியும் சமமா பிரிச்சிக்கும். பேஸ்போல்ல உள்ளூர் டிவி காசு பெரும்பங்கு அந்தந்த அணிக்கே. டொட்ஜர்ஸ் 2014லருந்து 25 வருஷத்துக்கு போட்ட ஒப்பந்தம் 8 பில்லியனுக்கு மேல. அத பிரிங்க முதல்ல. அதோட கீழ ஒரு கோடு போடுங்க, இதுக்கு குறைய எந்த முதலாளியும் சம்பளம் குடுக்கக் கூடாதுனு. பெரிய அணிகள்ட்ட இருந்து பங்கு காசும் வாங்கி பைக்குள்ள போட்டுகிட்டு எங்களுக்கு வசதி இல்லனு அழுவுற முதலாளிமாருக்கு அதுதான் மருந்து. மேல கோடு போட ஓடி வாறவங்க கீழ கோடுன்னா மெதுவாத்தான் நடக்குறாங்க, அத கவனிச்சி பாருங்க.

2026 டிசம்பர் முதலாந் திகதியோட பேஸ்போல் கூட்டு ஒப்பந்தம் முடியுது. செலரி கெப், அதாவது ஒரு அணி குடுக்கிற மொத்த சம்பளத்துக்கு உச்ச வரம்பு, வேணும்னு முதலாளிமாரு கேப்பாங்க, சங்கம் விடாது, 2021 டிசம்பர்ல பூட்டுன மாதிரி கதவ பூட்டுவாங்கனுதான் எல்லாரும் பேசுறாங்க. அப்ப மூணு மாசத்துக்கு மேல பூட்டிக் கிடந்துச்சி. 1994ல கெப் சண்டையிலதான் ஆட்டக்காரங்க வேலைநிறுத்தம் பண்ணி வேர்ல்ட் சீரிஸே நடக்காம போச்சி. அதுக்கு முந்தின ரெண்டு வருஷமும் கப்பு வாங்குனது டொரன்டோ, மூணாவதுக்கு வாய்ப்பே இல்லாம போச்சினு மச்சான் இன்னும் பெருமூச்சு விடுறான், அந்த வருஷம் அவங்க ஆட்டம் சரியில்லங்கிறத மட்டும் சொல்ல மாட்டான்.

போன வாரம் அவன் குரூப்ல பெரிய கட்டுரையா போட்டான், கெப் வந்தாத்தான் நியாயம், எல்லா ஊருக்கும் சம வாய்ப்பு, ரசிகனுக்கும் செலவு குறையும், ஹொக்கில கெப் இருக்கு பாருன்னு. ஹொக்கினு அவனே வாய குடுத்துட்டான், நான் என்ன செய்ய? கெப்புக்காக 2004-05ல ஒரு சீசன் முழுசா ஹொக்கிய மூடி வச்சாங்க, கெப்பும் வந்துச்சி, இருவது வருஷம் ஓடிருச்சி. உங்க ஊரு மேப்பிள் லீஃப்ஸ் கடைசியா கப்பு வாங்குனது 1967, கெப் வந்த பொறகு எத்தனை கப்பு மச்சான்? போகட்டும், லீஃப்ஸ் டிக்கட் விலை எவ்வளவு குறைஞ்சிச்சினு ஒரு ரசீத போட்டோ எடுத்து அனுப்பு, நான் கெப்புக்கு ஆதரவா கொடி பிடிக்கிறேன்னு போட்டேன்.

ரசீது வரல. பதில் வந்துச்சி, அத இங்க எழுத முடியாது, மாமாவும் அந்த குரூப்ல இருக்காருங்கிறத அவன் மறந்துட்டான், மாமா "என்னடா இது"னு கேட்ட பொறகுதான் அழிச்சான்.